நின்றிருந்த நாற்காலி

மகனே,

நீ இப்போது தூங்குகிறாய். உனக்கு இன்னும் தலையே நிற்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க எத்தனையோ வருடம் ஆகுமே, யாருக்கு இந்தக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். மீசை முளைத்து, வேலை, கல்யாணம் என்று ஊர் உன்னைப் பிடித்து உலுக்க ஆரம்பிக்குமே, அந்த வயதில் இருக்கப்போகிற ஆளுக்கு எழுதுகிறேன் என்றேன். அப்போது எழுதிக்கொண்டால் போதாதா என்றாள். போதாது. அப்போது எனக்கு வயதாகியிருக்கும். வயதானவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் நடந்து முடிந்து, எவன் ஜெயித்தான் எவன் தோற்றான் என்று தெரிந்த பிறகு, தனக்கு முதலிலேயே தெரியும் என்பதுபோல எழுதுவார்கள். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அந்தப் பொய்யும் எனக்கு வேண்டாம். என்ன ஆகும் என்று தெரியாமல் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லப்போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "ஒங்கப்பனுக்குக் குவைத்து விசா வாசப்படி ஏறி வந்துச்சுடா, வேணாம்னு வெரட்டிவிட்டான்" என்று கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொல்வார்கள். அது உண்மைதான். விரட்டிவிட்டேன். ஏன் என்பதை மட்டும் அவர்கள் தப்பாகச் சொல்வார்கள். ஆகையால் அதை என்னிடமிருந்து கேட்டுக்கொள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு பிரதியை உன் அந்தோணி மாமாவுக்குக் குவைத்துக்கே அனுப்பப்போகிறேன். இன்னொன்று கல்லலில் உன் அம்மாவழித் தாத்தா வீட்டுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் உரக்கப் படித்துக்கொள்ளட்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நம் சொந்தத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறேன். காரைக்குடியில் டி.வி.யும் கம்ப்யூட்டர் மானிட்டரும் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு. அது சோற்றுக்கு. அந்தச் சோற்றிலும் பாதி உன் அம்மாவின் டீச்சர் சம்பளம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு வேலை, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்குத் தரைப்பாடம் நடத்துவது. தரைப்பாடம் என்றால் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதிலும் நான் நடத்துவது ஒரே ஒரு பகுதிதான். மேகத்துக்குள் நுழைந்து, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாதபோது, எதிரே இருக்கிற கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது எப்படி என்பது. இதை இன்டர்நெட்டில் நடத்துகிறேன். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, மோடம் கத்தி முடித்து, லைன் அறுந்துபோகாமல் நின்றால் வகுப்பு உண்டு. நடுவில் யாராவது மாடி போனை எடுத்து "அலோ" என்றால் வகுப்பு போச்சு. மாணவர்கள் எங்கெங்கோ இருக்கிற ஃபிளையிங் கிளப்புகளில் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. படம் அனுப்பினால் அது இறங்குவதற்குள் லைன் அறுந்துபோகும். அதனால் முக்கியமான ஆறு கருவிகளின் முகத்தை எழுத்துகளாலேயே வரைகிறேன். புள்ளி, கோடு, அடைப்புக்குறி எல்லாம் சேர்ந்தால் ஒரு வட்டம். நடுவில் ஒரு சாய்கோடு போட்டால் அது முள். "ஆறு வட்டமும் இப்படி இருந்தால் உன் விமானம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்பதுதான் என் கேள்வி எப்போதும். தப்பாகப் பதில் வந்தால் "நீ இப்போது செத்துவிட்டாய், மறுபடி பார்" என்று எழுதுவேன். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. மேகம் பக்குவமாகச் சொல்லாது.

இதை நான் எங்கே கற்றேன் என்று கேட்பாய். டிப்ளமா முடித்துவிட்டு வடக்கே ஒரு ஃபிளையிங் கிளப்பில் ரேடியோ ரிப்பேருக்குச் சேர்ந்தேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு எனக்குப் பறக்கிற நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள், பிறகு கொடுத்தார்கள். உரிமம் வாங்கினேன். கருவி பார்த்து ஓட்டுகிற தகுதியும் வாங்கினேன். வாங்கி நிமிர்ந்த நேரத்தில் நாட்டில் தனியார் விமானக் கம்பெனிகள் ஒன்று மாற்றி ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கே வேலை இல்லை, என்னை யார் எடுப்பார்கள்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அன்றிலிருந்து நான் இந்த ஊருக்கு ஒரு வேடிக்கை. டீக்கடைக்குப் போனால் "பைலட்டு வாராரு, வழிய விடுங்கய்யா, ரெக்கை இடிச்சிரும்" என்பார்கள். இன்டர்நெட்டில் வகுப்பு ஆரம்பித்தபோது ஒருத்தர், "ஊருக்கு வெளிய சண்டைக்காலத்து ஓடுதளம் ஒண்ணு கெடக்குல்ல, அங்க ஆடு மேய்க்கிறவனுக்குச் சொல்லிக்குடுங்களேன். அவனாச்சும் நேர்ல இருக்கான்" என்றார். நல்ல நக்கல்தான். நானும் சிரித்தேன். கடைக்கு வந்து அடுத்த பாடத்தை எழுதினேன்.

அந்தப் பாடத்தின் முதல் வரி என்ன தெரியுமா? "உன் உடம்பு பொய் சொல்லும்." நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை இது. முதன்முதலாக என் இன்ஸ்ட்ரக்டர் என்னை மேகத்துக்குள் விட்டபோது, நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். ஆணியடித்த மாதிரி நேர். நாற்காலியில் என் எடை ஒழுங்காக அழுந்தியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. கீழே குனிந்து கருவிகளைப் பார்த்தால், விமானம் இடது பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். நம் காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டாலும் கொஞ்ச நேரத்தில் அது பழகிப்போய், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் நிஜமாகவே சரிசெய்தால், "ஐயோ, இப்பத்தான் கவுக்குறான்" என்று கூப்பாடு போடுகிறது. நம் ஊர் மாதிரியேதான். நீ தப்பான பக்கம் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருக்கும்போது ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நிமிர்ந்தாயோ, அத்தனை பேரும் கத்துவார்கள்.

இனி உன் அந்தோணி மாமாவைப் பற்றி. உன் அம்மாவின் அண்ணன். குவைத்தில் ஏ.சி. பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்டவர் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தங்கச்சி சம்பளத்தில் குடும்பம் ஓடுவது அவருக்குக் கல்லில் உட்கார்ந்த மாதிரி உறுத்துகிறது, அவ்வளவுதான். தன் கம்பெனியில் எனக்கு ஒரு டெக்னீசியன் வேலை பேசி முடித்து, விசாவுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, உன் ஞானஸ்நானத்துக்காக லீவு போட்டு வந்தார். தாய்மாமன்தான் ஞானத்தகப்பன் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "ரெண்டாயிரம் பொறந்தா ஒலகத்துல உள்ள கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிருமாம்ல மாப்ள. அப்பறம் எதுல வகுப்பு எடுப்பீக? சிலேட்டுலயா?" என்று கேட்பார். நான் மானிட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

உன் ஞானஸ்நானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடந்தது. என் வகுப்பும் ஞாயிறு காலையில்தான், சரியாகப் பூசை நேரத்தில். ஞாயிறு எஸ்.டி.டி. கட்டணம் குறைவு, லைனும் சும்மா கிடக்கும். நீ வயிற்றில் இருந்த மாதங்களில்கூட உன் அம்மா தனியாகத்தான் கோயிலுக்குப் போய்வந்தாள். அன்றைக்கு முதல்முறையாக வகுப்பை ரத்து செய்தேன். கோயிலில் மாமா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பட்டதும் நீ போட்ட கத்தலில் சாமியார் ஒரு அடி பின்வாங்கினார். நம் வீட்டு மாடியில்தான் விருந்து. பிரியாணி ஆனது. வெற்றிலை சுற்றி வரும்போது மாமா ஆரம்பித்தார்.

"மாப்ள, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. மேகத்துக்குள்ள போனா கண்ணு தெரியாதுங்கிறீக. சரி. மனுசனுக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல? பஸ்ஸு வளைஞ்சா தூங்குறவனுக்குக்கூடத் தெரியுது. இதுக்குப் போயி ஒரு படிப்பா?"

"தெரியாது மச்சான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது."

"அட, எனக்குத் தெரியும்ங்கிறேன்! பதினெட்டு மாடி உச்சியில நின்னு ஏ.சி. மாட்டுறவன்யா நானு!"

நான் கீழே போய்க் கடையில் இருந்த சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவரை உட்காரவைத்து, துண்டால் கண்ணைக் கட்டினேன். சிறுசுகள் எல்லாம் சுற்றி வந்து நின்றுகொண்டன. மெதுவாக, ஒரே சீராகச் சுற்றினேன்.

"எங்குட்டுச் சுத்துது மச்சான்?"

"வலப்பக்கம். இதென்ன பெரிய வித்தை."

சுற்றிக்கொண்டே இருந்தேன். "இப்ப?"

"மெதுவாகுது... ம்... நின்னுருச்சு."

நாற்காலி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சிறுசுகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. நான் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினேன். அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

"இப்ப?"

"ஏய், இங்குட்டு! இங்குட்டுச் சுத்துறீக! மெதுவா மாப்ள, விழுந்துருவேன்! யாராச்சும் பிடிங்கடா!" என்று இரண்டு கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்தார். வீடே சிரித்தது. "அந்தோணி, குவைத்துக்கே போயிட்டியாப்பா?" என்று ஒரு அத்தை கேட்டாள். உன் தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் துண்டை அவிழ்த்தேன். "மச்சான், நாற்காலி நிக்கிது."

அவர் நாற்காலியைப் பார்த்தார். துண்டைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தார். சிரிக்கிற முகங்களைப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அத்தோடு நான் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் விடவில்லை. "இந்த ஒடம்ப நம்பித்தான் எனக்கு வழி சொல்ல வந்தீகளா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. மாமா எழுந்தார். தலை இன்னும் சுற்றியிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டார். "சுத்திவிட்டுச் சிரிச்சாச்சு. இப்ப நான் கேக்குறேன். விசா வேணுமா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க மாப்ள."

"வேணாம்."

"காலைல இந்தப் பிள்ளைக்கு நான் மெழுகுவத்தி பிடிச்சேன். சாமியார் எங்கிட்டத்தான் கேட்டாரு, இவனுக்குப் பொறுப்பா இருப்பியான்னு. இருப்பேன்னேன். ஒங்களுக்காக இல்ல, அவனுக்காக அலைஞ்சேன். நாளைக்கு அவன் பசின்னு அழுதா வட்டம் வட்டமா வரைஞ்சு காட்டுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவருக்கு எடுத்துவைத்த பாயசம் அப்படியே இருந்தது. உன் அம்மா ஒன்றும் பேசாமல் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை என்பதால் என் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. சரியான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியில் தூங்கினேன்.

அந்த வாரத்திலேயே நந்திதாவின் மெயில் வந்தது. நந்திதா என் மாணவி. என் வகுப்பில் அவள் அளவுக்குக் கேள்வி கேட்கிற ஆள் கிடையாது. நான் "செத்துவிட்டாய்" என்று எழுதினால், "எப்படி என்று காட்டுங்கள், பிறகு சாகிறேன்" என்று எழுதுவாள். பரீட்சைக்கு முன்னால் ஒத்திகைப் பறப்பு அவளுக்கு. வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நடுவழியில், அடிவானக் கருவிக்குக் காற்று இழுத்துக் கொடுக்கிற பம்ப் நின்றுபோனது. அடிவானக் கருவி என்பது வெளியே அடிவானம் எந்தச் சாய்வில் இருக்கும் என்று ஒரு கோட்டால் காட்டுவது. ஆறில் அதுதான் நடுநாயகம். பம்ப் நின்றால் அது உடனே செத்துவிழாது. உள்ளே சுழல்கிற பம்பரம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, மெல்ல மெல்லச் சாயும். கோடு சாய்கிறதே என்று நந்திதா அதை நேராக்கிக்கொண்டே போனாள். அதை நேராக்க நேராக்க விமானம் சரிந்தது. இன்ஸ்ட்ரக்டர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: "சார், ‘உடம்பை நம்பாதே, அடிவானக் கருவியை நம்பு’ என்று பாடத்துக்குப் பாடம் எழுதினீர்கள். நம்பினேன். மறைப்பைக் கழற்றியபோது பூமி ஜன்னலுக்கு நேரே நின்றது. உடம்பு ஏதோ முனகியது. நீங்கள் சொன்னபடியே அதை வாயை மூடச் சொன்னேன். கருவியை எப்போது நம்பக் கூடாது என்று ஏன் எனக்கு முதலில் சொல்லவில்லை?"

கோபம்தான் வந்தது எனக்கு. பம்ப் நிற்பதைப் பற்றி நான் எழுதாமல் இல்லை. என் பழைய பாடங்களை எல்லாம் திறந்து தேடினேன், அவளுக்கு எடுத்து அனுப்பி வாயடைக்க. இருந்தது. கடைசிப் பாடத்துக்கு முந்தின பாடத்தின் அடியில், இரண்டு வரி. ‘ஒரு கருவி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சந்தேகி.’ அவ்வளவுதான். அதற்கு முன்னால் எத்தனை பாடத்தில் எத்தனை முறை "நம்பு, நம்பு" என்று அடித்திருக்கிறேன்! முதல் பாடத்தை மண்டையில் ஏற்றுகிற அவசரத்தில் இரண்டாம் பாடத்தை அடிக்குறிப்பாக்கிவிட்டேன். அவள் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், திருப்பத்தைக் காட்டுகிற முள் வட்டமடிக்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும். உயரமானி இறங்கிக்கொண்டிருந்திருக்கும். வேகமானி ஏறிக்கொண்டிருந்திருக்கும். மூன்றும் ஒருமுகமாகச் சாட்சி சொல்லியும், அவள் நடுவில் இருந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சொன்னவன் நான்.

உன் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். திரையைக் காட்டினேன். படித்தாள். கருவிப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியாது, ஆனால் படித்து முடித்ததும் சிரித்தாள். சிரிக்கிற நேரமா இது என்று எரிச்சலாக வந்தது.

"அண்ணன நாற்காலியில உக்காரவச்சுச் சுத்துனீக. ஒங்கள யாரு உக்காரவச்சுச் சுத்துறது?"

"இப்ப எதுக்கு அது?"

"வேணாம்னு சொன்னீகள்ல அன்னைக்கு, அத்தன பேர் முன்னாடி. சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு? எச்சி இலைய கையில வச்சிக்கிட்டு ஊருக்கு முன்னால புருசங்கூட மல்லுக்கு நிக்கச் சொல்றீகளா?"

உன்னைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, நான் கேட்பதற்காகவே காத்திருந்தாள். கேட்டேன். "சரி, இப்ப கேக்குறேன். போகணுமா, வேணாமா?"

"போக வேணாம். இந்தப் பிள்ளைய நான் ஒத்தையில வளக்க மாட்டேன். எஞ்சம்பளத்துல சாப்பிடுறது ஒங்களுக்கு உறுத்தலன்னா எனக்கும் உறுத்தல. ஆனா ஞாயித்துக்கெழம பூசைக்கு வரணும். என் பக்கத்துல உக்காரணும். அது முடிஞ்சு வந்து ஒங்க வகுப்ப வச்சுக்கங்க. அண்ணங்கிட்டப் போயி முகம் கொடுத்துப் பேசணும்." பிறகு மெயிலைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு மொதல்ல பதில் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ‘நீ சொல்வது சரி. தப்பு என் பாடத்தில் இருக்கிறது’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே புதிதாக ஆறு வட்டம் வரைந்தேன். அதில் ஒன்று பொய் சொல்கிறது, எது என்று கண்டுபிடி என்று கேட்டேன். முதல் பாடத்தையே பிரித்துப் போட்டுத் திரும்ப எழுத ஆரம்பித்தேன். இனி என் வகுப்பில் "நம்பு" என்ற சொல் தனியாக வராது. ஒன்றைப் பார், உடனே இன்னொன்றிடம் கேள், மூன்றாவதிடம் மறுபடி கேள், எதன் மேலும் கண்ணைக் குத்தி நிறுத்தாதே. இதைத்தான் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

மாமா குவைத்துக்குக் கிளம்புகிற நாளில் கல்லல் ஸ்டேஷனுக்குப் போனோம், நீயும் வந்தாய். உன்னைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் உன்னிடமே பேசிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். நந்திதாவுக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தேவையே இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. இருந்தாலும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீங்க சொல்லிக்குடுத்ததே தப்பா?"

"ஒரு பாடம் தப்பு. திருத்திக்கிட்டிருக்கேன். அன்னைக்கு ஒங்களப் பேசுனதும் தப்புதான் மச்சான். நாற்காலியில உக்காரவச்சது தப்பில்ல, அதுக்கப்பறம் கேட்டது தப்பு."

"சரி விடுங்க. விசா இன்னும் கைமாறல. இவ்வளவு ஆன பின்னாடியாச்சும் வாரீகளா?"

"இவ்வளவு ஆன பின்னாடிதான் வரவே முடியாது."

அவருக்குப் புரியவில்லை. எனக்கே அதைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. முன்பு நான் வேண்டாம் என்றது வீம்பு. என்னைப் பார்த்துச் சிரித்த ஊருக்கு முன்னால் வளைய மாட்டேன் என்கிற வீம்பு. இப்போது நான் போக மாட்டேன் என்பது வேறு. என் தப்பான பாடத்தைப் படித்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நான் குவைத்தில் போய் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பாடம் அவர்கள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு மேகத்துக்குள் போகும். நந்திதாவுக்குப் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். அடுத்தவனுக்கு இருக்க மாட்டார். ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு, நான் எழுதியதை நானே அழிக்கிறவரைக்கும் இந்த மேசையை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை. இதைப் பார்த்து யார் சிரித்தாலும் சரி, யார் அழுதாலும் சரி.

ரயில் வந்தது. மாமா உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு ஏறினார். ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, நெசமாவே அப்ப நாற்காலி நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு மச்சான்."

"எல்லாரும் சேந்து வெளையாட்டுக்குச் சொல்லலையே?"

"இல்ல."

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரல போங்க" என்றார். ரயில் நகர்ந்தது. கையைக் காட்டினார், உனக்குத்தான்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். இதில் உனக்கு அறிவுரை என்று ஏதாவது இருந்தால் நீயே எடுத்துக்கொள். எனக்கு ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. ஊர் உன்னைப் பிடித்து இங்கிட்டு வா, அங்கிட்டுப் போ என்று இழுக்கும்போது, உன் உடம்பு ஊரோடு சேர்ந்துகொண்டு ஆமாம் போடும். போடட்டும், நீ வளையாதே. ஆனால் வளையாமல் இருப்பதற்காகவே வளையாமல் இருக்காதே. நான் அப்படித்தான் இருந்தேன், அது நடுவில் இருக்கிற ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டு சரிவது. உனக்குப் பக்கத்தில் இலை எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் யாரோ, அவர்களிடம் கேள். அவர்கள் பேசவில்லை என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. கேட்ட பிறகும் உனக்கு முடியாது என்று பட்டால், அப்போது எவன் வந்து நின்றாலும் முடியாது என்று சொல். நீ குவைத்துக்குப் போக நினைத்தால் போ, நான் குறுக்கே நிற்க மாட்டேன். நானும் உனக்கு ஒரு முள்தான். அதுவும் கெட்டுப்போகக்கூடிய முள்.

என் வகுப்பு நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. ரெண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் நிற்குமா என்றும் தெரியாது. நிற்காது, பந்தயம். நந்திதாவுக்கு அடுத்த வாரம் மறுபடி ஒத்திகை, தேறுவாளா என்று தெரியாது. அவள் தேறினால், அதை வைத்து இந்தக் கடிதத்தைத் திருத்தி அழகாக்கிவிடுவேன் என்ற பயத்தில்தான் இன்றைக்கே முடிக்கிறேன். அவள் தேறாவிட்டாலும் நான் சொன்னதில் ஒரு சொல்லும் மாறாது.

பூசைக்குப் போய்வந்துவிட்டோம். நீ பிரசங்கம் முழுக்கத் தூங்கினாய், நான் பாதி. உன் அம்மா மாடி போனின் ரிசீவர் மேல் தலையணை ஒன்றை வைத்துவிட்டு, யாரும் எடுக்கக் கூடாது என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மோடம் கத்தி முடித்துவிட்டது. லைன் நிற்கிறது. முதலில் வந்திருப்பது நந்திதாதான். நான் அனுப்பிய வட்டங்களுக்குப் பதில் அனுப்பியிருக்கிறாள்: "நடுவில் இருப்பது பொய், மற்றவற்றில் மூன்று சேர்ந்து அப்படிச் சொல்கின்றன. சரியா? சரி என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று காட்டுங்கள்."

காட்டப் போகிறேன்.

உன் அப்பா